ரத்தத்தின் உருவம் கண்ட மாக்ஸ் பெரூட்ஸ்

வீட்டில் யாராவது முகம் வெளுத்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கினால், டாக்டர் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுகிறார். ஹீமோகுளோபின் குறைந்துவிட்டது, முருங்கைக் கீரை சாப்பிட வேண்டும் என்கிறார். இன்று இந்த வார்த்தை நம் பாட்டிமார்களுக்கும் பழக்கமாகிவிட்டது.

ஹீமோகுளோபின் என்றால் என்ன? ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது அதுதான். நாம் இழுக்கும் மூச்சிலிருந்து பிராணவாயுவை ஏற்றிக் கொண்டு, தலை முதல் கால் வரை கொண்டு போய் இறக்குகிறது. பிறகு திரும்பி வந்து, மறுபடியும் சுமை ஏற்றுகிறது. இந்த வண்டி ஓடாவிட்டால் நாம் இல்லை.

அந்த வண்டியின் உருவம் எப்படி இருக்கும்? இதைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் 22 ஆண்டுகள் பாடுபட்டார். இடையில் நாட்டை இழந்தார். கைதியானார். தப்பான முடிவுக்கும் வந்தார். அந்தத் தப்பைக் காட்டிக் கொடுத்தவற்றில் ஒன்று, யாரும் பெரிதாக எண்ணாத உப்புத் தண்ணீர்!

அவர்தான் மாக்ஸ் பெரூட்ஸ்.

நூல் ஆலை வீட்டுப் பிள்ளை

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரமான வியன்னாவில் 1914-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி பெரூட்ஸ் பிறந்தார். அவருடைய முன்னோர்கள் நூல் ஆலையும் நெசவு ஆலையும் நடத்திச் செல்வம் சேர்த்தவர்கள். பிள்ளை சட்டம் படிக்க வேண்டும், பிறகு குடும்பத் தொழிலைக் கவனிக்க வேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். ஆனால் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் அவர் மனத்தில் ரசாயனத்தின் மீது ஆசையை ஊட்டிவிட்டார். அந்த ஆசையே வென்றது.

வியன்னா சர்வகலாசாலையில் படிக்கும்போது, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஹாப்கின்ஸ் என்ற மேதை வைட்டமின்களைப் பற்றி ஆராய்வதாகக் கேள்விப்பட்டார். அங்கே போய்ச் சேர வேண்டும் என்று துடித்தார். அவருடைய பேராசிரியர் மார்க் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்ட சமயம், ஹாப்கின்ஸிடம் தனக்காகப் பேசிவிட்டு வரும்படி கேட்டுக் கொண்டார்.

போன இடத்தில் பேராசிரியர் அதை மறந்து போனார்! பெர்னால் என்ற வேறொரு விஞ்ஞானிக்கு ஒரு மாணவன் தேவை என்று அறிந்து, அந்த இடத்தைப் பேசி முடித்து வந்தார். பெர்னால் படிகங்களை எக்ஸ்ரே கதிரால் ஆராய்பவர். பெரூட்ஸுக்கு அந்தக் கலையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆனாலும் 1936-ல் தந்தை கொடுத்த பணத்தோடு கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். ஒருவருடைய மறதி, இன்னொருவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

ஊறுகாய் ஜாடியும் படிகமும்

படிகம் என்றால் நமக்குக் கற்கண்டு நினைவுக்கு வரும். கற்கண்டில் சர்க்கரையின் மூலக்கூறுகள் அணி வகுத்த சிப்பாய்களைப் போல வரிசை தவறாமல் நிற்கின்றன. அதன் மீது எக்ஸ்ரே கதிரைச் செலுத்தினால், பின்னால் வைத்த பிலிமில் புள்ளிக் கோலம் போல வரிசையாகப் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளின் பலத்தை அளந்து கணக்குப் போட்டால், உள்ளே அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம்.

கற்கண்டுக்கு இது பலித்தது. புரதங்களுக்குப் பலிக்கவில்லை. புரதப் படிகங்களை எடுத்துக் காய வைத்துப் படம் பிடித்தால், தெளிவான புள்ளிகளே விழவில்லை.

1934-ல் பெர்னாலிடம் பெப்சின் என்ற புரதத்தின் படிகங்கள் வந்து சேர்ந்தன. நம் வயிற்றில் உணவைச் செரிக்க வைப்பது பெப்சின். அந்தப் படிகங்கள் ஸ்வீடனில் உப்சாலா என்ற ஊரில் வளர்ந்தவை. வளர்ந்த திரவத்தோடு அப்படியே வந்திருந்தன. பெர்னால் ஒன்றை வெளியில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். காயக் காய அதன் ஒளி மங்குவதைக் கண்டார். உடனே அவருக்கு விஷயம் விளங்கியது. இன்னொரு படிகத்தைத் திரவத்தோடு மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்துப் படம் எடுத்தார். பிலிம் நிறையப் புள்ளிகள்! அவரும் அவருடைய மாணவி டாரதி குரோபுட்டும் இதை உலகத்துக்கு அறிவித்தார்கள். டாரதிதான் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டாரதி ஹாட்ஜ்கின்.

இதன் காரணம் என்ன? உப்பிலிட்ட நெல்லிக்காய் ஜாடியைப் பாருங்கள். காய்கள் அடுக்கியிருக்கின்றன. காய்க்கும் காய்க்கும் நடுவில் இருக்கும் சந்துகளில் உப்புத் தண்ணீர் நிற்கிறது. புரதப் படிகமும் அப்படித்தான். புரதங்கள் பெரிய உருண்டைகள். அவற்றுக்கு இடையில் இருப்பதெல்லாம் உப்புத் திரவம். பல படிகங்களில் ஏறக்குறையப் பாதி இடம் திரவத்துக்கே போய்விடுகிறது! திரவம் வற்றினால் அடுக்குச் சரிந்துவிடும்.

பெரூட்ஸ் பெர்னாலிடம் கற்ற முதல் பாடம் இதுதான்: படிகத்தைக் காயவிடாதே.

1937-ல் பெரூட்ஸ் பிராக் நகரத்துக்குப் போய், உறவினரான ஹாரோவிட்ஸ் என்ற விஞ்ஞானியைக் கண்டு யோசனை கேட்டார். ஹீமோகுளோபினை எடுத்து ஆராயும்படி அவர் சொன்னார். கேம்பிரிட்ஜில் அடேர் என்பவர் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த அழகான படிகங்களைக் கொடுத்தார். முதல் படமே அருமையாக விழுந்தது. பெரூட்ஸ் பூரித்துப் போனார். ஆனால் அந்தப் புள்ளிகளை எப்படிப் படிப்பது என்பது அவருக்கும் தெரியாது, உலகில் வேறு யாருக்கும் தெரியாது.

நாடு போயிற்று, சுதந்திரமும் போயிற்று

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தார். பெரூட்ஸின் குடும்பம் யூத வம்சம். பெற்றோர் சொத்தையெல்லாம் விட்டுவிட்டு ஓடினார்கள். செல்வர் வீட்டுப் பிள்ளை ஒரே நாளில் அகதியானார். பணம் கரைந்து கொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில் கைகொடுத்தவர் பிராக். எக்ஸ்ரே மூலம் படிகங்களை ஆராயும் வழியைத் தன் தந்தையோடு சேர்ந்து வகுத்து, நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர் அப்போதுதான் கேம்பிரிட்ஜின் காவண்டிஷ் ஆராய்ச்சிச் சாலைக்குத் தலைவராக வந்திருந்தார். பெரூட்ஸ் தன் படங்களை எடுத்துக் கொண்டு போய்க் காட்டினார். பிராக் அவற்றைக் கண்டு வியந்தார். அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனத்திடமிருந்து உதவித் தொகை வாங்கிக் கொடுத்தார். அந்தச் சம்பளம் 1939 ஜனவரி முதல் தேதி தொடங்கியது. அதே ஆண்டு பெற்றோரும் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள்.

நிம்மதி நீடிக்கவில்லை. யுத்தம் மூண்டது. 1940 மே மாதம் போலீசார் வந்து பெரூட்ஸைக் கைது செய்தார்கள். ஹிட்லருக்கு அஞ்சி ஓடி வந்தவரை, எதிரி நாட்டார் என்று சொல்லி முள்வேலிக்குள் வைத்தார்கள்! கப்பலில் ஏற்றிக் கானடாவுக்கு அனுப்பினார்கள். அங்கே முகாமில் இருந்த படித்தவர்களைச் சேர்த்து, பெரூட்ஸ் வகுப்புகள் நடத்த ஏற்பாடு செய்தார். 1941 ஜனவரியில் விடுதலையாகித் திரும்பினார்.

கைதியாக வைத்த அதே சர்க்கார், பிறகு அவரிடம் உதவி கேட்டது. யுத்தத்துக்கு முன்பு அவர் ஸ்விட்சர்லாந்தில் பனிப்பாறைகளை ஆராய்ந்தவர். கடலில் விமானங்கள் இறங்குவதற்குப் பனிக்கட்டியாலேயே மிதக்கும் தளம் கட்டலாமா என்று சர்க்காரில் ஒரு யோசனை. லண்டனில் ஸ்மித்பீல்டு இறைச்சிச் சந்தைக்கு அடியில் உள்ள குளிர்க் கிடங்கில் பெரூட்ஸ் சோதனைகள் செய்தார். தண்ணீரோடு சிறிது மரக்கூழ் கலந்து உறைய வைத்தால், பனிக்கட்டி உடையாமல் உறுதியாக நிற்கிறது என்று கண்டார். தளம் கட்டப்படவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. பெரூட்ஸ் தன் படிகங்களிடம் திரும்பினார்.

இடையில் 1942-ல் கிசேலா என்ற பெண்ணை மணந்தார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள்.

தப்பும் திருத்தமும்

பெரூட்ஸ் படிகங்களைச் சிறிது சிறிதாக வற்றவிட்டும், ஊறவிட்டும் படம் எடுத்தார். வற்றும்போது புரத அடுக்குகள் நெருங்கின, ஊறும்போது விலகின. ஆனால் புரதம் மட்டும் மாறவில்லை. ஆகவே தண்ணீர் கூடுவதும் குறைவதும் புரதங்களுக்கு வெளியேதான், உள்ளே அல்ல என்று அறிந்தார்.

இதுவரை சரி. பிறகு ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கையால் அளந்து, மாதக் கணக்கில் உழைத்து, ஹீமோகுளோபின் ஒரு வட்டமான தொப்பிப் பெட்டியைப் போன்றது, உள்ளே சங்கிலிகள் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கின்றன என்று முடிவு கட்டினார். உலகம் அதை நம்பியது.

1949-ல் அவர் கீழ் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர் பிரான்சிஸ் கிரிக். பின்னாளில் பாரம்பரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த அதே கிரிக்தான். அவர் ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து, பெரூட்ஸின் பெட்டி தவறு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆண்டுக் கணக்கான உழைப்பு, மாணவர் ஒருவர் பேச்சில் சரிந்தது. வேறொருவராக இருந்தால் அந்த மாணவரை வெளியே அனுப்பியிருப்பார். பெரூட்ஸ் தவறை ஒப்புக் கொண்டார்.

பிறகு அவரும் பிராக்கும் புதிய வழியில் யோசித்தார்கள். அந்த வழிதான் தண்ணீர்.

ஜவ்வரிசியைப் பாலில் போட்டால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கருப்பட்டிப் பாகில் போட்டால் பளிச்சென்று தெரியும். ஜவ்வரிசி அதேதான், சுற்றியிருப்பது மாறினால் தோற்றம் மாறுகிறது. எக்ஸ்ரேயின் கண்ணுக்குத் தெரிவது எலெக்ட்ரான்கள். ஒரே அளவு இடத்தில் தண்ணீரில் 33 எலெக்ட்ரான்கள் இருந்தால், புரதத்தில் சுமார் 43 இருக்கும். வித்தியாசம் 10-தான். தண்ணீரில் உப்பைக் கூட்டினால், வித்தியாசம் இன்னும் குறையும்.

பெரூட்ஸும் பிராக்கும் திரவத்தில் உப்பை மாற்றி மாற்றிப் படம் எடுத்தார்கள். பிலிமின் நடுவுக்கு அருகில் இருந்த புள்ளிகளின் பலம் மாறியது. தூரத்தில் இருந்தவை பெரும்பாலும் மாறவில்லை. இது ஏன்? கோயில் கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்த்தால் மொத்த வடிவம்தான் தெரியும். அருகில் போனால்தான் பொம்மைகள் தெரியும். நடுப்புள்ளிகள் மொத்த வடிவத்தைச் சொல்பவை. ஓரப்புள்ளிகள் நுணுக்கத்தைச் சொல்பவை. சந்துகளில் தளும்பும் தண்ணீருக்கு நுணுக்கம் ஏது? அதற்கு இருப்பது எல்லை ஒன்றுதான். தண்ணீரின் எல்லை எதுவோ, அதுவே புரதத்தின் எல்லை!

1952-ல் விடை கிடைத்தது. ஹீமோகுளோபின் பெட்டி அல்ல. சற்று நீண்ட உருண்டை. நீளம் 65 ஆங்ஸ்ட்ராம். அகலமும் உயரமும் 55. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால், ஒரு பங்குக்கு ஆங்ஸ்ட்ராம் என்று பெயர். பல ஆண்டுகள் கழித்து உண்மை உருவம் தெரிந்தபோது, அளவு 64, 55, 50 என்று வந்தது. தண்ணீர் சொன்ன சாட்சி எவ்வளவு நெருக்கமாக இருந்தது, பாருங்கள்!

பாதரசம் காட்டிய வழி

வெளி உருவம் தெரிந்தது. உள்ளே? புள்ளிகள் பாதி விஷயத்தைத்தான் சொல்லும். ஒரு பாட்டில் எந்த ஸ்வரம் எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்று சொல்லிவிட்டு, எந்த ஸ்வரம் எப்போது தொடங்குகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், பாட்டைப் பாட முடியுமா? அதுதான் பெரூட்ஸின் சங்கடம்.

1953-ல் வழி பிறந்தது. ஹீமோகுளோபினோடு பாதரச அணுவை ஒட்ட வைக்க முடியும் என்று அறிந்தார். அவருடைய சகா இங்கிராம் அப்படிச் செய்து கொடுத்தார். பாதரசம் கனமான அணு. அதை ஒட்டிய படத்தையும், ஒட்டாத படத்தையும் ஒப்பிட்டால், மறைந்த பாதி வெளிவரும். இருட்டறையில் பிலிமைக் கழுவிப் பார்த்தார். புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பலம் மட்டும் மாறியிருந்தது. மாடிப்படி ஏறி ஓடினார். பிராக்கை அழைத்து வந்து காட்டினார். 16 ஆண்டுகளாகத் திறக்காத பூட்டு திறந்துவிட்டது!

1959-ல் கம்ப்யூட்டர் உதவியுடன் முழு உருவம் வந்தது. நான்கு சங்கிலிகள் சுருண்டு பின்னி, ஓர் உருண்டையாக நின்றன. ஒவ்வொன்றிலும் இரும்பு கொண்ட ஒரு தட்டு. பிராணவாயு உட்காரும் ஆசனம் அதுதான். 1962-ல் பெரூட்ஸும், மயோகுளோபின் என்ற தசைப் புரதத்தின் உருவத்தைக் கண்ட அவருடைய சகா கெண்ட்ரூவும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்கள். தவறைச் சுட்டிக் காட்டிய கிரிக்குக்கும் அதே ஆண்டு வேறொரு நோபல் பரிசு கிடைத்தது.

மூன்று வழிகள்

தண்ணீர்க் கதை அதோடு முடியவில்லை. பிற்காலத்தில் ஏராளமான புரதங்களின் உருவம் தெரிய வந்தது. கண்ட உருவம் சரியா என்று பார்க்க, அதிலிருந்து புள்ளிகளின் பலத்தைக் கணக்கிட்டு, பிலிமோடு ஒப்பிடுவார்கள். ஓரப்புள்ளிகள் ஒத்துப் போகும். நடுப்புள்ளிகள் ஒத்துப் போகாது! காரணம், கணக்கில் புரதம் மட்டும் இருந்தது. தண்ணீரைச் சேர்க்க மறந்தார்கள். 43-க்கும் 33-க்கும் உள்ள வித்தியாசம் போய், 43-க்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசமாகிவிட்டது. நடுப்புள்ளிகள் கணக்கில் அளவுக்கு மீறிப் பலம் பெற்றன.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, தொந்தரவு கொடுக்கும் நடுப்புள்ளிகளையே தள்ளிவிடுவது. சுலபம்தான். ஆனால் மொத்த வடிவத்தைச் சொல்லும் சாட்சியை விரட்டிவிட்டு வழக்கு நடத்துவது போன்றது அது.

இரண்டாவது வழி, புரதம் இல்லாத இடமெல்லாம் தண்ணீர் என்று வைத்துக் கொண்டு, நடுப்புள்ளிகளின் பலத்தை ஒரு விகிதப்படி குறைப்பது. கெண்டை மீனின் தசைப் புரதத்தை ஆராய்ந்த மோஸ், கிரெட்சிங்கர் என்ற இருவர் 1975-ல் இப்படிச் செய்தார்கள். எல்லை எங்கே என்று வரையத் தேவையில்லை. ஆனால் நடுவுக்கு மிக அருகில் உள்ள புள்ளிகளுக்குத்தான் இது முழுக்கப் பொருந்தும்.

மூன்றாவது வழி, புரதத்தைச் சுற்றி எல்லை வரைந்து, வெளியே ஒரே சீராகத் தண்ணீரை நிரப்புவது. அமெரிக்காவில் ஜியாங், புருங்கர் இருவரும் 1994-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக் கொண்ட புரதங்களில் ஒன்று பெப்சினின் உறவுப் புரதம்! எல்லைக்கு உள்ளே புரதம், வெளியே ஒரே சீரான திரவம் என்ற எண்ணம் 1952-ல் பெரூட்ஸும் பிராக்கும் எண்ணியதுதான். இன்று பெரும்பாலோர் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. புரதத்தின் ஒரு பகுதி இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தால், எல்லை அதை விட்டுவிடும். அந்த இடத்தில் கணக்கு தண்ணீரை ஊற்றிவிடும்! ஆகவே எந்த வழி நல்லது என்று ஆளைப் பார்த்து முடிவு செய்வதில்லை. முதலிலேயே புள்ளிகளில் ஒரு சிறு பங்கைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். கணக்கு முடிந்த பின் அவற்றோடு ஒப்பிடுகிறார்கள். பார்க்காத புள்ளிகளை எது சரியாகச் சொல்கிறதோ, அதுவே நல்ல வழி. இந்தப் பரீட்சையை 1992-ல் புருங்கர் வகுத்தார்.

கடைசி வரை ஆராய்ச்சி

கேம்பிரிட்ஜில் 1962-ல் திறக்கப்பட்ட மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சிச் சாலைக்குப் பெரூட்ஸ் 1979 வரை தலைவராக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் ஆராய்ச்சியை விடவில்லை. 2002-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி, தமது 87-வது வயதில் காலமானார்.

கையில் கிடைத்த படிகத்தில் பாதி தண்ணீர் என்று அவர் சலித்துக் கொள்ளவில்லை. அதைத் தள்ளாமல் கணக்கில் சேர்த்தார். உண்மை உருவத்தின் எல்லையைக் கண்டார். தன் தவறைச் சொன்ன மாணவரையும் அப்படியே தள்ளாமல் அருகில் வைத்துக் கொண்டார்.

அடுத்த முறை டாக்டர் ஹீமோகுளோபின் கணக்கைச் சொல்லும்போது, குழந்தைகளுக்கு இந்த அகதி விஞ்ஞானியின் கதையைச் சொல்லுங்கள். நெல்லிக்காய் ஜாடி எதிரில் இருந்தால் இன்னும் நன்றாக விளங்கும்.